கால்நோயும் நீராடுதுறையும்: பேரிளம்பெண் பருவத்திற்கு அப்பால் ஓர் ஆராய்ச்சி

1. தோற்றுவாய்

திருவண்ணாமலை நகரின் வடபால், வேலூர் செல்லும் பெருவழியில் அமைந்தது வேங்கிக்கால் என்னும் ஊர். 1989 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30 ஆம் நாள் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இவ்வூரில் அமைந்தமையால் இதன் பெயரைப் பலரும் அறிவர். ஊருக்கு ஏரி ஒன்று உண்டு. மழை மிகுந்த ஆண்டுகளில் அது நிரம்பி வழிதலைச் செய்தித்தாள்கள் எழுதும்; மழை பொய்த்த ஆண்டுகளில் அதனை நினைப்பார் சிலரே.

ஊர்ப் பெயரின் ஈற்றில் நிற்கும் ‘கால்’ என்னும் சொல் நம் கருத்தை ஈர்க்கின்றது. தமிழில் இச்சொல்லுக்கு உடம்பின் உறுப்பாகிய கால் என்பது ஒரு பொருள். காற்று என்பது மற்றொரு பொருள். நீர் செல்லும் வழி என்பது பிறிதொரு பொருள். வாய்க்கால், கால்வாய் என்னும் வழக்குகளில் அதனைக் காணலாம். உறுப்பு, காற்று, நீர்வழி என்னும் இம்மூன்று பொருளும் ஒருங்கு கூடும் இடம் ஒன்று மருத்துவத்தில் உண்டு. காற்றாகிய வாதம் காலைப் பற்றுதலால் வருவதாக நம் முன்னோர் கருதிய நோயும், அந்நோயுற்ற காலுக்கு நீர் தரும் ஆறுதலுமே அவ்விடமாகும். சொல்லளவில் நேர்ந்த இவ்வொற்றுமையைக் கொண்டு ஊர்ப்பெயர்க்குக் காரணம் கூறுதல் நம் நோக்கம் அன்று. ஆராய்ச்சிக்கு வாயில் திறந்து வைத்தமையால் அதனை ஈண்டுக் குறித்தோம்.

இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாய் அமைந்தது வேங்கிக்காலில் வாழ்ந்த நம் பெரியம்மையாரின் நோயே ஆகும். ஐம்பத்தைந்து அகவை கடந்த பின்னர் ஓர் இரவில் அவர்தம் வலக்காற் பெருவிரலின் அடிமூட்டு செந்நிறம் கொண்டு வீங்கிற்று. போர்வை படினும் பொறுக்கலாகாத வலி. சுளுக்கு என்று சொல்லி ஒருவர் நீவிவிட்டார், வலி மிகுந்தது. அகவை முதிர்ச்சி என்று சொல்லி மற்றொருவர் வலிக்கு மாத்திரை தந்தார். பத்து நாளில் வலி நீங்கி, நான்கு திங்களில் மீண்டும் வந்தது. மூன்றாம் முறை வந்தபோதுதான் குருதியில் யூரிக் அமிலத்தை அளந்து பார்த்தனர். பெயர் தெரிந்தபோது பெரியம்மையார் கேட்டது ஒன்றே: ஆண்பிள்ளைகளுக்கு வரும் நோய் என்றல்லவா சொல்வார்கள், எனக்கு எப்படி வந்தது என்பதே அது. அவர் கேட்ட வினாவிற்கு வரலாற்றில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். பூப்பு நின்ற மகளிரை நம் இலக்கணமும் மருத்துவ வழக்கும் எண்ணிக்கையில் விடுத்தன என்பதும், நீர்த்துறை ஒன்றே ஒரு காலத்தில் அவர்களை விடாது ஏற்றது என்பதும், இயன்முறை மருத்துவம் அத்துறையை மீண்டும் திறக்க வல்லது என்பதும் நாம் நிறுவ முயலும் கருத்துகளாம்.

2. நோயின் பெயரும் இயல்பும்

மேனாட்டார் ‘கௌட்’ என வழங்கும் இந்நோயைப் பொதுமக்கள் கீல்வாதம் என்னும் பெயருள் அடக்குவர். கீல் என்பது மூட்டு, பொருத்து என்னும் பொருளது. இதனைக் ‘கீழ்வாதம்’ என எழுதும் பிழை இன்று பெருகியுள்ளது; கீழே வருவதால் கீழ்வாதம் என்று விளக்கம் கூறுவாரும் உளர். அது பொருந்தாது. கீல்வாதம் என்னும் பொதுப்பெயருள் தேய்வால் வரும் மூட்டுநோய், முடக்குவாதம், கௌட் ஆகிய பலவும் அடங்கும். ஆதலின் இக்கட்டுரையில் தெளிவு கருதிக் கௌட் என்னும் பெயரையே ஆள்கின்றோம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோய்க்குக் காரணமாகிய மூன்றனுள் வளியையே முதற்கண் வைத்தார். யூகிமுனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாதநோய்களை 80 எனத் தொகுத்துரைக்கின்றது. வடமொழியில் சரக சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் 29 ஆம் இயல் வாதரத்தம் என்னும் நோய்க்கே உரியது; கை கால்களின் மூட்டுகளிலே தொடங்கி உடலெங்கும் பரவுவதாகக் கூறப்படும் அதன் குறிகளுட் பல கௌட் நோயின் குறிகளோடு ஒத்துள்ளன. வாதரத்தத்திற்கு ‘ஆட்யவாதம்’ என்னும் பெயரும் உண்டு. ஆட்யர் என்பார் செல்வர். எனவே, செல்வரைப் பற்றும் வாதம் என்பது பொருளாயிற்று. மேனாட்டிலும் இதனை அரசர் நோய் என்றனர். கிரேக்கர் இட்ட ‘பொடாக்ரா’ என்னும் பெயருக்குக் காலைப் பிடிக்கும் பொறி என்பது பொருள். ‘கௌட்’ என்பதோ துளி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கெட்ட நீர் துளித்துளியாக மூட்டில் இறங்குகின்றது என்னும் பழங்கொள்கை அதனுட் பொதிந்துள்ளது.

துளி என்ற கொள்கை முற்றும் பிழையன்று; இறங்குவது நீர் அன்று, உப்பு என்பதே பின்னாளில் தெளிந்த உண்மை. 1776 இல் சீலே என்பார் சிறுநீர்க் கற்களில் யூரிக் அமிலத்தைக் கண்டார். 1848 இல் இலண்டன் மருத்துவர் காரட் என்பார் கௌட் நோயாளரின் குருதியில் அவ்வமிலம் மிகுந்திருத்தலைக் காட்டினார். 1961 இல் மக்கார்ட்டி, ஆலண்டர் என்னும் இருவரும் நோயுற்ற மூட்டின் நீரில் ஊசி போன்ற யூரேட்டுப் படிகங்களை நுண்ணோக்கியின் வாயிலாக ஐயமறக் கண்டனர். குருதியின் 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராமுக்கு மேல் யூரேட்டு மிகுமாயின் அது கரைந்து நில்லாது படியத் தலைப்படும். குளிர்ச்சி மிகுந்த இடத்தில் படிதல் எளிது. உடலின் நடுவிலிருந்து மிகத் தொலைவில் உள்ளதாய், குளிர்ந்திருப்பதாய், நாள்தோறும் உடற்பாரம் தாங்குவதாய் இருக்கும் பெருவிரலின் அடிமூட்டு முதற்கண் தாக்கப்படுதற்குக் காரணம் இதுவே எனலாம்.

3. மகளிர்க்கு இந்நோய் உண்டோ?

பெரியம்மையாரின் வினாவிற்கு விடை புதியது அன்று. கிரேக்க மருத்துவ முதல்வர் இப்போக்கிரட்டிசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூற்பாத் தொகுப்பில், பூப்பு நின்றாலன்றிப் பெண்ணுக்குக் கௌட் வாராது என்னும் கருத்து ஆறாம் பிரிவில் காணப்படுகின்றது. இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்ணால் கண்டு எழுதிய உண்மை இது. இக்கூற்றில் இரண்டு செய்திகள் உள்ளன. பூப்புள்ள காலத்தில் வாராது என்பது ஒன்று. நின்ற பின்னர் வரும் என்பது மற்றொன்று. பின்வந்தோர் முதற் செய்தியைப் பற்றிக்கொண்டு இரண்டாவதனை நெகிழவிட்டனர்.

உரோம நாட்டுச் சிந்தனையாளர் செனெக்கா இதனைத் திரித்த வகை நோக்கத்தக்கது. மகளிர்க்குக் கௌட் வாராது என்று மருத்துவ முதல்வர் கூறினார்; ஆனால் நம் காலத்து மகளிர்க்கு வருகின்றது; ஆடவரைப் போல் இரவெல்லாம் விழித்து உண்டு குடித்தமையால் பெண்மையின் காப்பினை இழந்தனர் என்பது அவர்தம் கடிதம் ஒன்றில் காணும் வாதம். அகவையால் வந்ததனை ஒழுக்கக் கேட்டால் வந்ததாகக் கொண்டமையின், நோயாளி குற்றவாளி ஆயினாள். 1683 இல் இந்நோய் பற்றி நூல் எழுதிய ஆங்கில மருத்துவர் சிடனாம் தாமே பல்லாண்டு இந்நோயால் வருந்தியவர். அவரும், பெண்டிரை இஃது அரிதாகவே தாக்கும். தாக்கின் முதியோரையும் ஆண் தன்மை மிக்கோரையுமே தாக்கும் என்றார். முதியோர் என்னும் சொல்லை அவர் விடவில்லை எனினும் அதன் அருகில் பிறிதொன்றையும் சேர்த்தார்.

இற்றை மருத்துவம் காரணத்தைத் தெளிவாக உரைக்கின்றது. ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு, சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுதற்குத் துணை செய்கின்றது. பூப்பு நிற்பதோடு அச்சுரப்புக் குறைகின்றது. குருதியில் அமிலம் ஏறுகின்றது. ஏறிய அமிலம் படிந்து நோயாதற்குப் பின்னும் சில ஆண்டுகள் செல்லும். அமெரிக்கச் செவிலியரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்கிய பேராய்வின் முடிவு 2010 இல் வெளிவந்தது. பூப்பு நின்ற மகளிர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதை அது நிறுவிற்று. முதிய மகளிர் பலர் குருதி அழுத்தத்திற்காக உண்ணும் நீர்பெருக்கி மாத்திரைகளும், சிறுநீரகத் தளர்ச்சியும் அமிலத்தை மேலும் ஏற்றும். ஆடவர்க்குப் பெருவிரலில் வருவது இவர்க்குக் கைவிரல் மூட்டுகளிலும் வரும். அங்கு முன்னரே தேய்வுநோய் இருக்குமாயின் இரண்டும் ஒன்றாகத் தோன்றி மருத்துவரையும் மயக்கும். நம் பெரியம்மையார்க்கு ஓராண்டு வீணானமைக்கு ஒருவரைக் குறை கூறுதல் முறையன்று; ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் அது.

4. எழுவகைப் பருவமும் அவற்றின் எல்லையும்

மேனாட்டார் மறந்ததனை நாம் நினைவில் வைத்தோமா என வினவுதல் நேர்மை. உலா இலக்கியம் மகளிரை ஏழு பருவத்தினராகப் பகுக்கும். பேதை 5 முதல் 7, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13, மடந்தை 14 முதல் 19, அரிவை 20 முதல் 25, தெரிவை 26 முதல் 31, பேரிளம்பெண் 32 முதல் 40 என்பது பெருவழக்காகக் கூறப்படும் அளவு. பாட்டியல் நூல்களிடையே வயதெல்லையில் வேற்றுமை உண்டு. எனினும் பேரிளம்பெண்ணோடு எண்ணிக்கை முடிதலில் வேற்றுமை இல்லை. ஆடவர்க்குரிய பருவங்களைக் கூறும் பாட்டியலோ இறுதியில் முதுமகன் என ஒரு பெயரை வைத்தது. மகளிர்க்கு அதற்கு இணையான எட்டாம் பருவம் வைக்கப்படவில்லை.

இதற்கு மறுப்பு ஒன்று எழலாம். உலா என்பது தலைவன்பால் மகளிர் காதல் கொள்ளுதலைப் பாடுவது. ஆதலின் நாற்பதோடு நிறுத்தியது அந்நூல் வகையின் பொருள் வரையறையே அன்றி இகழ்ச்சி அன்று என்பர். இம்மறுப்பு உண்மையே. செவிலியும், மறக்குடி மூதாட்டியரும், ஔவையும் நம் இலக்கியத்தில் மதிப்புடன் வீற்றிருக்கின்றனர். ஆயினும் அவர்களை நாம் அறிவது பிறரைப் பேணும் உறவாலும் வாக்கின் சிறப்பாலுமே ஆகும். அவர்தம் உடம்பு என்ன மாறுதல் அடைந்தது, எங்கு வலித்தது என்பதற்குப் பெயரிடும் வழக்கு அமையவில்லை.

சடங்குகளிலும் இவ்வுண்மை புலப்படும். பூப்பெய்திய பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு உண்டு. மகப்பெற்றவளுக்குத் தலைக்கு நீர் விடும் நாள் உண்டு. பெண்ணின் உடம்பில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் சுற்றத்தார் நீரைக் கொண்டே வரவேற்றனர். பூப்பு நிற்கும் நாளுக்கு மட்டும் ஒரு குடம் நீரும் இல்லை. இந்திய மகளிர்க்குப் பெரும்பாலும் 46, 47 அகவையை ஒட்டி நிகழும் இம்மாற்றம், இல்லத்தில் எவரும் அறியாமலே நிகழ்ந்து முடிகின்றது. பெயர் இல்லாத பருவத்தில் வரும் நோயும் பெயர் இல்லாமலே நிற்றல் வியப்பன்று.

5. நீர்த்துறையில் நரைமுடியோர்

இனி, மறக்காதிருந்த இடம் ஒன்றைக் காண்போம். பரிபாடலில் இன்று நமக்குக் கிடைத்துள்ள 22 முழுப்பாடல்களுள் 8 வையையைப் பற்றியன. அவற்றுள் பத்தாம் பாடல், புதுப்புனல் வந்தது கேட்டு மதுரை மாந்தர் ஆற்றுக்குத் திரண்டு செல்லுதலைக் கூறுகின்றது. சென்றவர் யாவர் எனப் புலவர் வகைப்படுத்தி எண்ணுகின்றார். இளையவர் சென்றனர், முதியவரும் சென்றனர். நரையும் கருமையும் கலந்த முடியினர் சென்றனர். முழுதும் நரைத்தவரும் சென்றனர். இங்கே நரையைக்கூட இருவகையாகப் பிரித்து எண்ணிய நுட்பம் போற்றத்தக்கது. உலாவின் கணக்கு நாற்பதில் நின்றது. வையையின் கணக்கு வெண்ணரைவரை சென்றது. இவ்வேறுபாடு இலக்கண ஆசிரியரின் நோக்கிற்கும் கண்ணாற் கண்டு பாடுவோரின் நோக்கிற்கும் இடையே உள்ள வேறுபாடு என்று கொள்ளலாம்.

முதுமையும் நீரும் இணையும் மற்றோரிடம் புறநானூற்றின் 243 ஆம் பாடல். தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர், ஊன்றுகோல் பற்றி இருமலிடையே சில சொற்பேசும் முதியராய் நின்று, ஆழ்ந்த மடுவில் மரக்கிளையினின்று பாய்ந்து அடிமணல் எடுத்துக்காட்டிய இளமையை எண்ணி இரங்குகின்றார். கோல் பிடித்த கை முன்னொரு நாள் நீர் பிளந்த கை என்பதே அவ்விரக்கத்தின் உயிர். கால் தளர்ந்தார்க்கு நீரின் நினைவு ஏன் வருகின்றது என்பதை உடலியல் விளக்க வல்லது. அதனை அடுத்த பகுதியில் கூறுவோம்.

சித்த மருத்துவத்தின் புறமருந்துகள் 32 என்பர். அவற்றுள் ஒற்றடம், வேது, தொக்கணம், பற்று, நீர் என்பன இடம்பெறுகின்றன. சரகர் வாதரத்தத்தின் மேனிலைக்குக் கூறும் முறைகளிலும் எண்ணெய் பூசுதலோடு மருந்துநீர் சொரிதல் உண்டு. பதார்த்தகுண சிந்தாமணி ஆறு, ஏரி, குளம், சுனை, கிணறு முதலியவற்றின் நீருக்குத் தனித்தனியே குணம் வகுத்துரைக்கின்றது. செவ்வாயும் வெள்ளியும் மகளிர் எண்ணெய் முழுக்கு நாள்களாக வழங்கியதும் ஈண்டு நினைத்தற்குரியது. இவையெல்லாம் நீரை உடம்பின்மேல் ஏற்றும் முறைகள்.

திருவண்ணாமலைக்கும் நீர் மருத்துவத்திற்கும் அண்மைக் காலத் தொடர்பொன்று உண்டு. இரமண மகரிசியை அடுத்து வாழ்ந்து, உள்ளது நாற்பதுக்கு உரைகண்டவரும், ‘மகாயோகம்’ என்னும் ஆங்கில நூலை 1937 இல் வெளியிட்டவருமாகிய கே. இலட்சுமண சர்மா, இயற்கை மருத்துவ நூலாசிரியராகவும் விளங்கியவர். அவர் அம்மருத்துவத்தைப் பரப்பிய இடம் புதுக்கோட்டை. செருமானியர் லூயி கூனே வகுத்த இடுப்புக் குளியல் முறை இந்நாட்டு இயற்கை மருத்துவரிடையே பெரிதும் பரவியது. காந்தியடிகள் 1942 இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் எழுதிய உடல்நல நூலிலும் நீருக்கெனப் பகுதி ஒதுக்கிக் கூனே முறையை எடுத்துரைத்தார். எனினும் ஓர் உண்மையைப் பிரித்தறிதல் வேண்டும். தொட்டியில் அமர்ந்திருத்தல் குளியல். நீருள் நின்று உறுப்புகளை இயக்குதல் பயிற்சி. முன்னது நோயாளியை அமரவைக்கும், பின்னது நடக்கவைக்கும். குளத்துப் படியில் இறங்கி, மார்பளவு நீரில் நடந்து, மூழ்கி, துணி அலசிக் கரையேறிய பாட்டிமார் இவ்விரண்டையும் ஒருங்கே செய்தனர். அதனை மருத்துவம் என்று அவர்கள் அழைக்கவில்லை.

6. நீருள் உடற்பயிற்சி

நீரில் மூழ்கிய பொருள் தன்னால் விலக்கப்பட்ட நீரின் எடையளவு எடை குறையும் என்பது ஆர்க்கிமிடீசு கண்ட விதி. இடுப்பளவு நீரில் நிற்பார்க்குக் கால்கள் தாங்கும் பாரம் ஏறத்தாழப் பாதியாகும். மார்பளவில் மூன்றில் ஒரு பங்காகும். கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கிற்கு அணித்தாகும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒரு மூதாட்டி மார்பளவு நீரில் நிற்கும்போது அவர்தம் பாதங்கள் சுமப்பது 20 கிலோகிராம் அளவே. தரையில் ஓரடி வைக்க அஞ்சும் கால் நீரில் பத்தடி வைக்கின்றது. அன்றியும் நீர் எத்திசையிலும் மெல்லத் தடுத்து நிற்றலால் தசைகள் வலிமை பெறுகின்றன; விழுந்தாலும் எலும்பு முறிவதில்லை. தொடித்தலை விழுத்தண்டினாரின் ஏக்கத்தில் உடலியல் உண்மையும் உண்டு என்றது இதுபற்றியே.

இம்முறை மருத்துவமாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டில். இளம்பிள்ளை வாதத்தால் கால் இழந்த பிராங்க்ளின் ரூசுவெல்டு 1924 இல் சார்சியா நாட்டுப்பகுதியின் வெப்பநீர் ஊற்றுக்குச் சென்று, தரையில் அசையாத கால்கள் நீரில் அசைதலைக் கண்டார். 1927 இல் அங்கு அறநிலையம் ஒன்று நிறுவினார். நம் பக்கத்தில், வேங்கிக்காலினின்று சாலைவழி சென்றால் அடையும் வேலூரில், மேரி வர்கீசு என்னும் பெண் மருத்துவர் 1954 இல் நேர்ந்த விபத்தால் இடுப்பின்கீழ் செயலிழந்தார்; சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார்; பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966 இல் அவர் தலைமையில் எழுந்தது. 1972 இல் பத்மசிறீ விருது பெற்றார். மருந்து முடிந்த இடத்தில் மருத்துவம் முடிவதில்லை என்பதை இந்நாட்டிற்குக் கற்பித்தோருள் அவர் முன்னிற்பவர்.

சான்றுகளின் அளவை மிகைப்படுத்தாது கூறுதல் ஆராய்ச்சியின் கடன். முழங்கால், இடுப்பு ஆகியவற்றின் தேய்வுநோய்க்கு நீர்ப்பயிற்சி பற்றி 2016 இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு 13 ஆய்வுகளில் 1190 பேரின் நிலையை நோக்கிற்று. அவருள் நான்கில் மூவர் பெண்டிர். வலியும் இயலாமையும் சிறிதளவு குறைந்தன என்பதும், அப்பயன் குறுகிய காலத்தது என்பதும் அதன் முடிவு. கௌட் நோய்க்கென்றே நடத்திய ஆய்வுகளின் சான்று இத்துணை வலிமை உடையதன்று. ஆதலின் நீர் யூரிக் அமிலத்தைக் கரைத்துவிடும் என்று கூறுவது பிழை. அமிலத்தைக் குறைப்பது மருந்தின் தொழில். அம்மருந்துகளுள் தலையாய அல்லோபூரினாலை ஆக்கிய குழுவில் முதன்மை பெற்றவர் செர்ட்ரூடு எலியன் என்னும் பெண் அறிஞர். 1988 இல் நோபல் பரிசு பெற்றவர். குருதியில் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழ் நிறுத்தினால் படிகங்கள் நாளடைவில் கரையும். வலியால் முடங்கிய மூட்டை மீண்டும் இயக்குவதும், இழந்த தசைவலிமையை மீட்பதும், உடற்பருமனைக் குறைப்பதும், நடக்கும் துணிவைத் தருவதுமே நீர்ப்பயிற்சியின் தொழில். இரண்டும் ஒன்றற்கொன்று துணை. ஒன்றற்கொன்று மாற்று அல்ல.

மருந்து என்றவிடத்து நம் நாட்டுக் காந்தளை மறத்தல் கூடாது. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் முதலிடம் பெற்ற அச்செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்னும் பொருள் உண்டு. கௌட் வலியைத் தணிக்க மேனாட்டார் பன்னூறாண்டுகளாக வேறொரு செடியினின்று பெற்றுவந்த பொருளே இது. தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு என்னும் பெயரால் பயிரிடப்பெற்று விதை ஏற்றுமதியாகின்றது. ஆயினும் இது கொடிய நஞ்சு. கிழங்கை வீட்டில் அரைத்து உண்டு இறந்தோர் பலர். அளவறிந்து மருத்துவர் தருவதே மருந்தாகும்.

பயிற்சி முறை எளியது. வலி மிகுந்து மூட்டு சிவந்திருக்கும் நாள்களில் பயிற்சி கூடாது. அப்போது ஓய்வும், குளிர்ந்த ஒற்றடமும், மருத்துவர் தரும் மருந்துமே உரியன. நீவுதல் தீங்கு செய்யும். வீக்கம் முற்றும் அடங்கிய பின்னர், வெதுவெதுப்பான நீரில் மார்பளவு நின்று, கைப்பிடியைப் பற்றி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நடத்தல், குதிகாலை உயர்த்தித் தாழ்த்தல், கணுக்காலைச் சுழற்றல், முழங்காலை மடக்கி நீட்டல், விரல்களை விரித்துக் குவித்தல் என்பன போதும். தொடக்கத்தில் பத்து நிமிடம், பின்னர் அரைமணி, கிழமைக்கு இருமுறை அல்லது மும்முறை. நீருள் நிற்கும்போது சிறுநீர் மிகுதியாகப் பிரியுமாதலின் முன்னும் பின்னும் நீர் அருந்துதல் வேண்டும். உடல்நீர் குறைதல் அமிலத்தைச் செறிவாக்கும். காலில் புண்ணுள்ள நீரிழிவு நோயாளரும், இதயநோயாளரும் மருத்துவரைக் கேளாது இறங்குதல் தகாது. குளம் கிட்டாதார் வீட்டில் அகன்ற தொட்டியில் வெந்நீர் நிரப்பிக் கணுக்கால்வரை அமிழ்த்திப் பாதப் பயிற்சி செய்யலாம். உடற்பாரம் குறையும் பயன் அதில் இல்லை எனினும் மூட்டின் விறைப்புத் தளரும்.

7. முடிவுரை

அண்ணாமலையை வலம்வருவோர் 14 கிலோமீட்டர் தொலைவை வெறுங்காலால் நடப்பர். பெரியம்மையாரும் பல்லாண்டு நிறைநிலாதோறும் நடந்தவர். நோய் கண்டபின் அவர் வருந்தியது வலிக்காக அன்று, வலம்வர இயலாமைக்காக. நீண்ட நடையும் உடல்நீர் வற்றுதலும் தளர்ந்த மூட்டில் நோயைக் கிளப்பவும் கூடும் என்பதால் மருத்துவர் சில திங்கள் தடுத்தார். மருந்தோடு நீர்ப்பயிற்சியும் வேண்டும் என்றார். அங்குத்தான் தடை எழுந்தது. கோயிலுள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம தீர்த்தமும் உள்ளன. நகரில் ஐயங்குளம் உள்ளது. வேங்கிக்காலில் ஏரி உள்ளது. நீருக்குக் குறைவில்லை; அறுபதை நெருங்கும் ஒரு பெண் சேலையோடு அச்சமின்றி மார்பளவு நின்று அரைமணி நடத்தற்குரிய துறைக்கே குறை. செங்குத்தான படிகள், பிடிகம்பியின்மை, கழிவு கலந்த நீர், பலர் காண நிற்கும் நாணம் என்பன வழியை அடைத்தன. இறுதியில் தொட்டி வெந்நீரில் பாதப் பயிற்சி செய்து, மருந்தையும் ஒழுங்காக உண்டு, ஓராண்டிற்குப் பின் மலைவழியின் ஒரு பகுதியை மட்டும் காலணியோடு நடந்தார். தெய்வம் பொறுத்துக்கொள்ளும் என்று அவரே கூறிக்கொண்டார்.

நாம் கண்ட முடிவுகளைத் தொகுத்துரைப்போம். பூப்பு நின்ற மகளிர்க்குக் கௌட் வரும் என்பது மிகப் பழைய மருத்துவ அறிவு. அதனை மறக்கச் செய்தவை இது செல்வ ஆடவர் நோய் என்னும் எண்ணமும், ஒழுக்கத்தின் மேல் ஏற்றிய பழியும் ஆகும். நம் பாட்டியல் மரபு நாற்பதிற்கு மேற்பட்ட பெண்ணுக்குப் பருவப்பெயர் வைக்கவில்லை; பரிபாடலின் வையைத்துறையோ நரைமுடியோரையும் எண்ணி ஏற்றது. நீருள் இயங்கும் பயிற்சி நோயை வேரறுப்பதன்று எனினும் முடங்கிய காலை எழுப்ப வல்லது.

ஆதலின் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையின் இயன்முறைப் பகுதியில் சாய்வுப் படியும் கைப்பிடியும் உடைய சிறு வெந்நீர்க் குளம் ஒன்றும், நகராட்சி நீச்சற்குளங்களில் மகளிர்க்கெனத் தனிநேரமும், அந்நேரத்தில் பயிற்றுவிக்கப் பெண் இயன்முறை மருத்துவரும் அமைதல் வேண்டும். பெருவிரல் வீங்கி வரும் ஐம்பது கடந்த பெண்ணுக்குச் சுளுக்கு என்று சொல்லுமுன் யூரிக் அமிலத்தை அளந்து பார்த்தல் மருத்துவர் வழக்கமாதல் வேண்டும். இவற்றிற்கு ஆகும் செலவு பெரிதன்று.

தமிழறிஞர்க்கும் ஒரு கடமை உண்டு. பேரிளம்பெண்ணுக்கு அடுத்த பருவத்திற்கு மதிப்புடைய பெயர் ஒன்றைத் தேடி வழங்குதல் அது. பெயரிட்டு அழைத்தால் அன்றி ஒருவர் வரவை நாம் எதிர்பார்ப்பதில்லை. அவரை எதிர்நோக்கியிருந்த துறை ஒன்று வையைக் கரையில் இருந்தது. வேங்கிக்காலிலும் அத்தகைய துறை அமைதல் இயலாத ஒன்றன்று.